பேஸ்மேக்கர் வச்சவங்க மிக்ஸி போடலாமா? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

இதயத் துடிப்பு, துடிப்பு குறைஞ்சா தூண்டி விடற பேஸ்மேக்கர், துடிப்பு தாறுமாறா ஓடினா ஷாக் குடுக்கற மெஷின் (ஐசிடி) இதப்பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு போன இதழ்ல போட்டிருந்தோம். வந்து குவிஞ்ச கேள்விகள்ல பாதிக்கு மேல மிக்ஸி, செல்போன், கரண்ட் அடுப்புதான். மாத்திரையை நானே நிறுத்திட்டேன், மெஷின் செக்கப்புக்கு போயே ரொம்ப நாள் ஆச்சு, தையல் போட்ட இடம் லேசா கசியுதுன்னு எழுதினவங்க கொஞ்ச பேர்தான், அதுவும் லெட்டரோட கடைசில "அப்புறம் இன்னொரு சின்ன விஷயம் டாக்டர்"னு ஆரம்பிச்சு. எனக்கு பயமா இருக்கறது அந்த சின்ன விஷயங்கதான். ரெண்டு வகையும் கலந்து பதில் போட்டிருக்கேன்.

அப்பாவுக்கு 72 வயசு. பாத்ரூம்ல தலைசுத்தி விழுந்துட்டாங்க. ஈசிஜி எடுத்தா துடிப்பு 34, கம்ப்ளீட் ஹார்ட் ப்ளாக்னு சொல்லி பேஸ்மேக்கர் வைக்கணும்னுட்டாங்க. அப்பா "நெஞ்சைப் பொளக்க விடமாட்டேன்"னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. மாத்திரையிலயே சரி பண்ணிடலாம்னு பெரியப்பா சொல்றார். என்ன செய்யட்டும்? (வாசகி, கும்பகோணம்)

அப்பாகிட்ட சொல்லுங்கம்மா, நெஞ்சை யாரும் பொளக்கப் போறதில்ல. இடது பக்கம் காறை எலும்புக்குக் கீழ ரெண்டு விரல் நீளத்துக்கு ஒரு கீறல், அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி, அங்க ஓடற ரத்தக்குழாய் வழியா மெல்லிசா ஒயர் விட்டு எக்ஸ்ரேல பாத்துக்கிட்டே இதயத்துக்குள்ள கொண்டுபோய் பதிப்பாங்க, ஒயரோட இந்தப் பக்கத்தை பேட்டரி பெட்டியில சொருகி தோலுக்கு அடியில வச்சு தையல் போட்டுடுவாங்க. பெரும்பாலும் ஒண்ணு ஒண்ணரை மணி நேர வேலை, பேசிக்கிட்டே படுத்திருக்கலாம்.

பெரியப்பா சொல்றதுல ஒரு சின்ன நியாயம் இருக்கு. சில சமயம் வேற காரணத்தால துடிப்பு இறங்கும், பிபிக்கு குடுக்கற மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை, டில்டியாசெம், டைகாக்சின், கிட்னி கெட்டுப்போய் பொட்டாசியம் ஏறுறது, தைராய்டு ரொம்ப கம்மியா இருக்கறது, இல்ல அப்பத்தான் வந்த ஒரு ஹார்ட் அட்டாக். இதெல்லாம் பாத்தாச்சான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்களோ மொத்தத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. அதெல்லாம் இல்லன்னா, கம்ப்ளீட் ப்ளாக்கை நிரந்தரமா சரி பண்ற மாத்திரை எதுவும் கிடையாது. இதயத்தோட மேல் அறையில உற்பத்தியாகற மின்சாரம் கீழ் அறைக்கு வந்து சேரல, கீழ் அறை ஏதோ தன்னால முடிஞ்ச அளவுக்கு 30, 35ன்னு துடிச்சுக்கிட்டு இருக்கு, அதுவும் எப்ப பத்து செகண்ட் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. இந்த தடவை பாத்ரூம்ல விழுந்தாங்க, அடுத்த தடவை படிக்கட்டா இருக்கலாம், ரோடா இருக்கலாம். அப்பாவை யோசிச்சு முடிவெடுக்கட்டும்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க, அட்மிஷன்லயே இருந்து யோசிக்கட்டும்.

அப்பாவுக்கு கதை பிடிக்கும்னா இதைச் சொல்லுங்க. உலகத்துலயே முதல்ல உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வச்சது 1958 அக்டோபர் 8, ஸ்வீடன்ல இருக்கற கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில, ஆர்னே லார்சன்னு ஒருத்தருக்கு. அப்ப அவருக்கு 43 வயசு, ஒரே நாள்ல திரும்பத் திரும்ப மயங்கி விழுந்துக்கிட்டிருந்த மனுஷன். அவரோட மனைவிதான் ஓகே செனிங்கிற சர்ஜனையும் ரூனே எல்ம்க்விஸ்ட்ங்கிற இன்ஜினியரையும் விடாம நச்சரிச்சு சம்மதிக்க வச்சது. முதல்ல வச்ச மெஷின் சில மணி நேரத்துல நின்னே போச்சு, உடனே இன்னொண்ணு வச்சாங்க. அப்புறம் மாத்தி மாத்தி மொத்தம் 26 மெஷின் போட்டுக்கிட்டு, ஆபரேஷன் பண்ண டாக்டரையும் மெஷின் செஞ்ச இன்ஜினியரையும் தாண்டி வாழ்ந்து 2001ல 86 வயசுல இதயத்துக்கு சம்பந்தமே இல்லாத நோயால இறந்தார். இப்ப வர்ற மெஷின் சாதாரணமா எட்டுலருந்து பன்னெண்டு வருஷம் ஓடும், மாத்தும்போதும் பெட்டியை மட்டும்தான் மாத்துவாங்க, ஒயர் நல்லா இருந்தா அப்படியே விட்டுடுவாங்க.

செலவைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா கேக்க நினைச்சிருப்பீங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, பேஸ்மேக்கரும் அதுல வரும், ஆஸ்பத்திரியில இருக்கற காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டர்ல முதல்லயே போய் பேசிடுங்க, ஆபரேஷன் முடிஞ்சு போய் நின்னா ஒண்ணும் நடக்காது. ரெண்டு ஒயர் மெஷினா ஒரு ஒயர் மெஷினான்னும் கேளுங்க. அப்பாவோட மேல் அறை ஒழுங்கா துடிச்சா ரெண்டு ஒயர் நல்லது, மேலயும் கீழயும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா சேர்ந்து துடிக்கும். கீழ் ஒயரை இதயத்தோட இயற்கையான மின்பாதையிலயே பதிக்கிற முறையும் இப்ப வந்திருக்கு, மதுரையிலருந்து கூட அதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கு, பம்பிங் ஏற்கனவே கொஞ்சம் கம்மியா இருக்கறவங்களுக்கு அதைக் கேட்டுப் பாக்கறது தப்பில்ல.

பேஸ்மேக்கர் வச்சு எட்டு மாசம் ஆச்சு. மருமக என்னை கிச்சன் பக்கமே விடமாட்டேங்குறா. மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் எதையும் தொடக்கூடாதாம். நெஜமாவா? (வாசகி, திருப்பூர்)

மிக்ஸி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, மைக்ரோவேவ் எல்லாம் தாராளமா தொடலாம். ஓடற மிக்ஸியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு யாரும் அரைக்கிறதில்லையே, அப்புறம் என்ன.

இண்டக்ஷன் அடுப்பு மட்டும் வேற கதை. அதுல இருந்து உங்க பேஸ்மேக்கர் ரெண்டு அடி, அதாவது 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும்னு சொல்வாங்க, ரெண்டு அடி தள்ளி நின்னு தோசை திருப்ப முடியாது, அதனால கேஸ் அடுப்புலயே சமைங்க. செல்போன் பேசலாம், பேஸ்மேக்கர் இடது பக்கம்னா வலது காதுல வச்சுப் பேசுங்க, ஒரு சாண் தூரம், 15 சென்டிமீட்டர் இருந்தா போதும். ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிறதை மட்டும் விட்டுடுங்க. புதுசா வர்ற சில போன்ல பின்னாடி காந்தம் இருக்கு, காதுல மாட்டற இயர்பட் டப்பாவுலயும் மூடிக்கு காந்தம்தான், இதையெல்லாம் நெஞ்சுக்கு மேல வச்சுக்கிட்டு தூங்காதீங்க. காந்தம் பக்கத்துல வந்தா பேஸ்மேக்கர் நின்னுடாது, ஆனா உங்க இதயம் என்ன பண்ணுதுன்னு பாக்காம தன் பாட்டுக்கு ஒரே வேகத்துல அடிக்க ஆரம்பிச்சுடும், காந்தத்தை எடுத்தா பழையபடி ஆயிடும். துணிக்கடை வாசல்ல திருட்டைப் பிடிக்க ரெண்டு கம்பம் நிக்கும் பாருங்க, அது வழியா நடந்து போலாம், அதுல சாஞ்சுக்கிட்டு மருமகளுக்காக காத்திருக்கக் கூடாது.

உண்மையில பாக்க வேண்டியது வீட்டு வயரிங். ஈரக்கையோட தொட்டா சுர்ருன்னு அடிக்கிற பழைய ஹீட்டர், எர்த் இல்லாத பம்ப்செட் மோட்டார். அந்த லீக் கரண்ட் உடம்பு வழியா போனா மெஷின் அதை இதயத் துடிப்புன்னு நினைச்சு தன் வேலையை நிறுத்திட வாய்ப்பிருக்கு. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாத்து, லீக்கானா தானா கட் ஆகற ஸ்விட்ச்சை மாட்டச் சொல்லுங்க. மருமகளுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்க. இல்ல காட்டாம இன்னும் கொஞ்ச நாள் உக்காந்து சாப்பிடுங்க, அது உங்க இஷ்டம்.

வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். பேஸ்மேக்கர் வச்சப்புறம் வேலை செய்யலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

உங்க டாக்டர்கிட்டயும் மெஷின் கம்பெனி ஆள்கிட்டயும் கேக்காம ஆரம்பிக்காதீங்க. பொதுவா 160 ஆம்பியருக்கு மேல வேணாம்னு சொல்வாங்க, சில கம்பெனி அதைவிடக் கம்மியா சொல்லும். வெல்டிங் முனைக்கும் நெஞ்சுக்கும் ரெண்டு அடி இருக்கணும், ரெண்டு கேபிளையும் சேர்த்துக் கட்டி போடுங்க, உடம்புல சுத்தி தோள்ல போடாதீங்க, கை உறை காஞ்சிருக்கணும், தனியா இருந்து செய்யாதீங்க, தலை லேசா இருந்தா கையில இருக்கறதைப் போட்டுட்டு தள்ளி வந்துடுங்க. உங்களுக்கு வச்சது பேஸ்மேக்கர் இல்லாம ஷாக் குடுக்கற ஐசிடின்னா பட்டறையில ஆளை வச்சு செய்ங்க, நீங்க கல்லாவுல உக்காருங்க.

பஸ்ல போகும்போது சும்மா சீட்லதான் உக்காந்திருக்கேன், துடிப்பு 90க்கு ஏறுது. வீட்ல 60தான். மெஷின் ரிப்பேரா? (வாசகர், நாகர்கோவில்)

ரிப்பேர் இல்ல சார், ரோடுதான் ரிப்பேர். நிறைய பேஸ்மேக்கருக்குள்ள அசைவைக் கண்டுபிடிக்கிற சென்சார் ஒண்ணு இருக்கு, நீங்க நடந்தா துடிப்பை ஏத்தணும் உக்காந்தா இறக்கணும்னு வச்சது. குண்டும் குழியுமா போற பஸ்ல உடம்பு குலுங்கினா அது நீங்க வேகமா நடக்கறீங்கன்னு நினைச்சுக்கும். இதுக்கு நேர்மாறா, ஒரே இடத்துல நிக்கிற எக்சர்சைஸ் சைக்கிள் மிதிச்சா மேல் உடம்பு அசையாததால துடிப்பு சரியா ஏறாம மூச்சு வாங்கும். தொந்தரவா இருந்தா அடுத்த செக்கப்புல சொல்லுங்க, ஆபரேஷன் எதுவும் வேணாம், கம்ப்யூட்டர்லயே சென்சாரை மட்டுப்படுத்திடுவாங்க.

இதே மாதிரி, 60ல செட் பண்ணியிருக்கு ஆனா விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர் 38 காட்டுதுன்னு திண்டுக்கல்லருந்து ஒருத்தர் பதறி எழுதியிருக்கார். நடுநடுவுல அவசரத் துடிப்பு வந்தா அது விரல் நுனி வரைக்கும் நாடியா வந்து சேராது, கருவி அதை எண்ணாது, அதனால பாதியைக் காட்டும். பெரும்பாலும் இதுவாத்தான் இருக்கும், ஆனா லெட்டரைப் பாத்தே ஜோசியம் சொல்ல நான் தயாரில்ல, ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடுங்க. அதோட மயக்கமும் இருந்தா அன்னைக்கே.

என் வீட்டுக்காரருக்கு 48 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி அட்டாக் வந்து இதயத்தோட பம்பிங் 28 சதவீதம் ஆயிடுச்சு, ஐசிடி வச்சிருக்காங்க. போன மாசம் ராத்திரி சாப்பிட்டு கை கழுவும்போது யாரோ நெஞ்சுல எட்டி உதைச்ச மாதிரி ஷாக் அடிச்சு அப்படியே உக்காந்துட்டார். அதுலருந்து வேலைக்குப் போகல, தனியா குளிக்க மாட்டேங்குறார், பிள்ளைங்களைத் தொட மாட்டேங்குறார், அதுங்களுக்கும் கரண்ட் அடிச்சிடுமாம். எடுத்துடச் சொல்லுங்கன்னு அழறார். எடுத்துடலாமா டாக்டர்? அப்புறம் இன்னொண்ணு, ஷாக் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரமா வயித்துப்போக்கு இருந்துச்சு, நீர் பிரியற மாத்திரையும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தார். (பெயர் வேண்டாம், தூத்துக்குடி)

கடைசியில எழுதியிருக்கீங்களே, அந்த இன்னொண்ணை முதல்ல எழுதியிருக்கணும்மா. வயித்துப்போக்கோட நீர் மாத்திரையும் சேர்ந்தா உடம்புல பொட்டாசியமும் மெக்னீசியமும் சடார்னு இறங்கும், ஏற்கனவே தழும்பு விழுந்த இதயத்துல தாறுமாறான வேகத் துடிப்பு கிளம்ப அது போதும். அன்னைக்கு ஷாக் அடிச்சதுக்குக் காரணமே அதுவா இருக்கலாம். இனிமே வாந்தி, பேதி, ரெண்டு வேளை சாப்பிட முடியாத காய்ச்சல் எது வந்தாலும் அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணி நீர் மாத்திரையை என்ன செய்யறதுன்னு கேளுங்க. நீங்களா நிறுத்தவும் வேணாம், கண்ணை மூடிக்கிட்டு குடுக்கவும் வேணாம்.

அந்த ஷாக் ஏன் அடிச்சதுன்னு மெஷினுக்குள்ளயே பதிவு இருக்கும், எந்த தேதி, எத்தனை மணி, துடிப்பு எவ்வளவு வேகம், என்ன வைத்தியம் குடுத்துச்சு, ஷாக் அடிச்சப்புறம் துடிப்பு எப்படி ஆச்சு, எல்லாம் ஈசிஜி மாதிரி கோடு கோடா. ஒரு மாசம் ஆயிடுச்சு, நீங்க இன்னும் செக்கப்புக்கு போனதா எழுதல. நாளைக்கே போங்க. ரெண்டு விதமா இருக்கலாம். ஒண்ணு, உயிருக்கு ஆபத்தான துடிப்பு வந்து மெஷின் அதை அணைச்சிருக்கு. அப்படின்னா அன்னைக்கு அந்த வாஷ்பேசின் பக்கத்துலயே எல்லாம் முடிஞ்சிருக்க வேண்டியது, முடியல. ரெண்டாவது, மெஷின் தப்பா புரிஞ்சுக்கிட்டு அடிச்சிருக்கு, மேல் அறை தாறுமாறா துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து துடிப்பு வேகமா ஓடினாலோ, ஒயர்ல விரிசல் விட்டு சத்தம் மாதிரி சிக்னல் வந்தாலோ இது நடக்கும். ஒயர் விரிசல்னா ஆற அமர பாக்கற விஷயம் இல்ல, திரும்பத் திரும்ப அடிக்கும். ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி பண்ண வழி இருக்கு, மாத்திரை மாத்தலாம், மெஷின் செட்டிங் மாத்தலாம், தேவைப்பட்டா உள்ள அந்த இடத்தையே சுட்டு விடற அப்லேஷன் பண்ணலாம். இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது, வேகத் துடிப்பு வந்தா மெஷின் எடுத்தவுடனே ஷாக் அடிக்காது, முடிஞ்ச வரைக்கும் அதைவிட வேகமா சில துடிப்பு குடுத்து வலியே இல்லாம மடக்கிப் பாக்கும். உங்க வீட்டுக்காரருக்கே தெரியாம சில தடவை அப்படி மடக்கியிருந்தா அதுவும் பதிவுல தெரியும், அவர்கிட்ட அந்தக் கோட்டை நேர்ல காட்டச் சொல்லுங்க, நான் பாத்த வரைக்கும் பேச்சை விட அந்தக் காகிதம் நல்லா வேலை செய்யும்.

பிள்ளைங்களைத் தாராளமா தூக்கிக் கொஞ்சலாம். ஷாக் அடிக்கிற நேரத்துல தொட்டுக்கிட்டு இருந்தாலும் தொட்டவங்களுக்கு லேசா சுளீர்னு இருக்கலாம், அவ்வளவுதான், ஒண்ணும் ஆகாது. நீங்க பக்கத்துல படுக்கலாம், தாம்பத்தியமும் தடை இல்ல, இதை யாரும் கேக்க மாட்டாங்க அதனால நானே சொல்லிடறேன்.

இந்த மெஷினைக் கண்டுபிடிச்ச மிஷேல் மிரோவ்ஸ்கி, வார்சாவுல பிறந்த யூதர், இஸ்ரேல்ல டாக்டரா இருந்தப்ப அவரோட குருநாதர் ஹாரி ஹெல்லர் இதே மாதிரி வேகத் துடிப்புல இறந்துபோனார். ஷாக் குடுக்கற மெஷினை சின்னதாக்கி உடம்புக்குள்ளயே வச்சா என்னன்னு அப்ப தோணினதை, பெரிய பெரிய நிபுணர்கள்லாம் இது ஆகாதுன்னு எழுதின பிறகும் விடாம செஞ்சு 1980 பிப்ரவரில பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல முதல் நோயாளிக்கு வச்சாங்க. எடுத்துடுங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றது எனக்குப் புரியுது, எட்டி உதை வாங்கினவருக்குத்தான் வலி தெரியும், ஆனா பம்பிங் 28ல இருக்கற ஒருத்தருக்கு அதை எடுக்க நான் சொல்ல மாட்டேன். ஷாக்குக்கு அப்புறம் வர்ற இந்த பயம் ரொம்ப சகஜம், இதுக்கு மனநல டாக்டர்கிட்ட ஒரு நாலு தடவை போய் வர்றது ஹார்ட் மாத்திரை சாப்பிடற மாதிரியே ஒரு வைத்தியம்தான், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இதைக் கிழிச்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்குங்க. ஒரே ஒரு ஷாக், அப்புறம் நல்லா இருக்கார்னா அன்னைக்கோ மறுநாளோ ஆஸ்பத்திரிக்குப் பேசி மெஷினை செக் பண்ணிக்கணும். ஒரு ஷாக் அடிச்சு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தா, இல்ல 24 மணி நேரத்துக்குள்ள ரெண்டாவது தடவை அடிச்சா, 108க்கு போன் பண்ணிட்டு உடனே கிளம்பணும். பைக், கார் ஓட்டறது டாக்டர் சொல்ற வரைக்கும் வேணாம், சாதாரணமா மூணுலருந்து ஆறு மாசம் பொறுக்கச் சொல்வாங்க. லாரி, பஸ் ஓட்டறது தொழில்னா அதை மாத்தித்தான் ஆகணும், அதுக்கு சமாதானம் சொல்ல எனக்கு வழி தெரியல.

எனக்கு 24. ஐடில வேலை. திடீர்னு ஸ்விட்ச் போட்ட மாதிரி துடிப்பு 180க்கு போகும், பத்து இருபது நிமிஷம் இருந்துட்டு டக்குனு நின்னுடும். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள சரியாயிடுது, ஈசிஜி நார்மல், டென்ஷன் தான் கல்யாணம் பண்ணா சரியாயிடும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. (வாசகி, சென்னை)

கல்யாணம் பண்ணா சரியாகற அரித்மியா, அதாவது துடிப்புக் கோளாறு எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்லமா.

ஸ்விட்ச் போட்ட மாதிரி ஆரம்பிச்சு டக்குனு நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிதான் துப்பு. டென்ஷன்ல வர்ற படபடப்பு மெதுவா ஏறி மெதுவா இறங்கும். இது எஸ்விடின்னு ஒரு வகையா இருக்க வாய்ப்பு அதிகம், இதயத்துக்குள்ள பிறவியிலயே ஒரு உபரி மின்பாதை இருந்து கரண்ட் அதுல சுத்திச் சுத்தி வரும். அது வர்ற நேரத்துல எடுத்த ஈசிஜிதான் வேணும், அதனால அடுத்த தடவை பெரிய ஆஸ்பத்திரி தேடி ட்ராஃபிக்ல மாட்டாம பக்கத்துல எந்த க்ளினிக்ல ஈசிஜி இருக்கோ அங்க ஓடுங்க, தலைசுத்தல் இருந்தா யாரையாவது கூட்டிட்டு. ஈசிஜி எடுக்கற வாட்ச் இருந்தா அந்த 30 செகண்ட் பதிவும் உதவும்.

வந்தப்ப நீங்களே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. பாதி சாஞ்சு உக்காந்து, ஒரு 10 எம்எல் சிரிஞ்சோட வாயில ஊதி உள்ள இருக்கற பிஸ்டனை நகத்தற மாதிரி 15 செகண்ட் முக்கி ஊதணும், உடனே மல்லாக்கப் படுத்து யாராவது ரெண்டு காலையும் 45 டிகிரிக்கு தூக்கி 15 செகண்ட் பிடிக்கணும். 2015ல இங்கிலாந்துல எமர்ஜென்சி வார்டுகள்ல செஞ்சு பாத்த ஆய்வுல, காலைத் தூக்காம வெறுமனே முக்கினப்ப நூத்துக்கு 17 பேருக்கு நின்னது, காலையும் தூக்கினப்ப 43 பேருக்கு நின்னுச்சு. ஊசி மருந்து இல்லாமலே. முதல் தடவை டாக்டர் முன்னாடி செஞ்சு கத்துக்கிட்டு அப்புறம் வீட்ல செய்ங்க. நிரந்தரமா தீரணும்னா அப்லேஷன், தொடை வழியா ஒயர் விட்டு அந்த உபரிப் பாதையை சுட்டு விடுவாங்க, நூத்துக்கு 90க்கும் மேல ஜெயிக்கும். இதயத்தோட மின்சாரத்துக்குன்னே எலக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட்னு தனியா படிச்சவங்க இருக்காங்க, அவங்ககிட்ட போங்க.

எனக்கு 58. சின்ன வயசுல மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியிருக்கு, துடிப்பும் தாறுமாறு. ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் சாப்பிடறேன். மாசாமாசம் ரத்தம் குத்திக் குத்தி வெறுத்துப்போச்சு, கீரையும் சாப்பிடக்கூடாதுங்கறாங்க. டெஸ்ட்டே வேணாத புது மாத்திரை இருக்காம், பக்கத்து வீட்டு சார் சாப்பிடறார். பல்லுல ரத்தம் வந்ததால பத்து நாளா பழசை நிறுத்திட்டேன். (வாசகி, சேலம்)

இதைப் படிச்ச உடனே உங்க டாக்டருக்கு போன் பண்ணுங்க. பத்து நாள்ங்கறது ரொம்ப அதிகம். தாறுமாறா துடிக்கிற மேல் அறையில ரத்தம் தேங்கி கட்டி ஆகும், அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம், வால்வு சுருக்கமும் சேர்ந்திருந்தா ஆபத்து இன்னும் பல மடங்கு. பல்லுல ரத்தம் வந்தா ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டற அந்த மாசாமாச டெஸ்ட் பாத்து மாத்திரை அளவைக் குறைக்கணும், பல் டாக்டர்கிட்ட ஈறு காட்டணும். நிறுத்தறது வழி இல்ல.

பக்கத்து வீட்டு சாருக்கு வால்வு சுருக்கம் இருக்காது, அதனால அவருக்கு புது மாத்திரை சரி. உங்களை மாதிரி மூட்டுக் காய்ச்சல்ல வால்வு கெட்டவங்களுக்கு புது மாத்திரையையும் பழைய மாத்திரையையும் ஒப்பிட்டு பல நாடுகள்ல செஞ்ச பெரிய ஆய்வு 2022ல வந்துச்சு, எல்லாரும் புதுசுதான் ஜெயிக்கும்னு நினைச்சாங்க, பழசு சாப்பிட்டவங்கதான் அதிகமா பிழைச்சிருந்தாங்க. குத்தறது கஷ்டம்தான், ஆனா ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவுல இருந்தா நீங்க பாதுகாப்பா இருக்கீங்கன்னு அர்த்தம், அந்த நிச்சயம் வேற எந்த வழியிலயும் கிடைக்காது. கீரையை யாரும் தடுக்க வேண்டியதில்ல, வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பிடறதுன்னா எல்லா வாரமும் அதே அளவு சாப்பிடுங்க, ஒரு மாசம் சுத்தமா விட்டுட்டு அடுத்த மாசம் தினமும் முருங்கைக்கீரை பொரியல்னு ஆரம்பிச்சாத்தான் அளவு கலையும். மெடிக்கல்ல முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடறது, பேர் தெரியாத லேகியம், இதுங்கதான் கீரையை விட மோசம். பல் பிடுங்கறதா இருந்தாலும் நீங்களா நிறுத்தாதீங்க, ரெண்டு டாக்டரும் பேசிக்கட்டும்.

பேஸ்மேக்கர் இருக்கு. முட்டிவலிக்கு பிசியோல கரண்ட் வைக்கலாமா? மகன் காந்த மெத்தை வாங்கித் தர்றேங்கறான். (வாசகர், திருச்சி)

காந்த மெத்தை வேணாம், அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கித் தரச் சொல்லுங்க, முட்டிக்கு அது நல்லது. பிசியோல சூடு குடுக்கற ஷார்ட்வேவ் டயாதெர்மி எந்தக் காரணத்துக்கும் கூடாது, முட்டிக்குத்தானேன்னு நினைக்காதீங்க, அது ஒயர் வழியா இதயத்தையே சுட்டுடும். ஒட்டு ஒட்டி விர்ருன்னு கரண்ட் வைக்கிறது இருதய டாக்டரைக் கேக்காம வேணாம். அல்ட்ராசவுண்ட் முட்டியில வைக்கலாம், பயிற்சி எல்லாம் செய்யலாம். பிசியோ ரூம்குள்ள நுழையும்போதே பேஸ்மேக்கர் இருக்குன்னு சொல்லிட்டு உக்காருங்க.

அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வச்சு மூணு வருஷம் ஆச்சு. அந்த இடம் தோல் மெல்லிசாகி கருநீலமா பளபளன்னு இருக்கு, ஒரு ஓரத்துல லேசா நீர் கசியுது. ஊர்ல ஒரு டாக்டர் பத்து நாள் மாத்திரை குடுத்தார், வத்திடுச்சு, திரும்பவும் வருது. வலி இல்லங்கறாங்க. விடலாமா? (வாசகர், தேனி)

விடக்கூடாது. வந்த கடிதங்கள்லயே என்னை ராத்திரி திரும்ப எடுத்துப் படிக்க வச்சது உங்களோடதுதான். பேஸ்மேக்கருக்கு மேல தோல் திறந்து கசிஞ்சா, வலி இல்லன்னாலும் காய்ச்சல் இல்லன்னாலும் உள்ள கிருமி போயாச்சுன்னுதான் எடுத்துக்கணும். கிருமி மெஷின் மேலயும் ஒயர் மேலயும் படலம் மாதிரி ஒட்டிக்கும், மாத்திரை அதைத் தொடாது, மேல வத்தின மாதிரி காட்டி ஒயர் வழியாவே இதயத்துக்குள்ள இறங்கும். பெட்டியும் ஒயரும் மொத்தமா எடுத்து, ஊசி மருந்து போட்டு, அப்புறம் வேற பக்கம் புதுசா வைக்கணும். மூணு வருஷ ஒயர் உள்ள ஒட்டிப்போயிருக்கும், அதை எடுக்க அனுபவம் உள்ள இடம் வேணும், அதனால வச்ச ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போங்க, அங்க வசதி இல்லன்னா எங்க போகணும்னு அவங்களையே எழுதித் தரச் சொல்லுங்க. போற வரைக்கும் யாரையும் அதுல ஊசி குத்தி நீர் எடுக்க விடாதீங்க. புதுசா ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எந்தக் கிருமின்னு கண்டுபிடிக்க ரத்தத்துல கல்ச்சர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, மாத்திரை சாப்பிட்டுட்டு எடுத்தா கிருமி மாட்டாது.

இதோட சேர்த்து எல்லாருக்கும் ஒண்ணு. தோலுக்கு அடியில அந்தப் பெட்டியை விரலால உருட்டிக்கிட்டே இருக்கற பழக்கம் சில பேருக்கு உண்டு. என் ஓபிக்கு வந்த ஒரு பெரியவர் டிவி பாக்கும்போதெல்லாம் அதைத் திருகித் திருகி, எக்ஸ்ரேல பாத்தா ஒயர் பெட்டியைச் சுத்தி கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு நுனி இதயத்தை விட்டே வெளிய வந்திருந்துச்சு. இதுக்கு ட்விட்லர்ஸ் சிண்ட்ரோம்னு பேரே இருக்கு. கையை சும்மா வச்சுக்குங்க. ஆனா சும்மான்னா கையையே அசைக்காம கட்டிப் போடறது இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு நாலுலருந்து ஆறு வாரம் தோளுக்கு மேல தூக்காம, வெயிட் தூக்காம இருந்தா போதும், முழங்கையை மடக்கி நீட்டலாம், சாப்பிடலாம். கையை நெஞ்சோட ஒட்டிவச்சு தோள்பட்டை இறுகிப்போய் வர்றவங்கதான் அதிகம்.

தாத்தா தவறிட்டார். பேஸ்மேக்கரை எடுத்துட்டுத்தான் எரிக்கணும்னாங்க, வீட்ல பெரிய சண்டை. அவசியமா? எடுத்ததை வேற யாருக்காவது குடுக்கலாமா? (வாசகர், விழுப்புரம்)

எரிக்கிறதா இருந்தா அவசியம். சூட்டுல பேட்டரி வெடிக்கும், இங்கிலாந்துல 1976லயே தகன மேடையில வெடிச்சது பதிவாகியிருக்கு. ஆஸ்பத்திரியில இறந்தா அங்கயே சொல்லிடுங்க, சின்னக் கீறல், சில நிமிஷ வேலை. புதைக்கிறதா இருந்தா எடுக்கணும்னு இல்ல. ஐசிடின்னா சும்மா வெட்டி எடுக்கக்கூடாது, ஒயரை வெட்டும்போது எடுக்கறவருக்கே ஷாக் அடிக்கும், முதல்ல கம்ப்யூட்டர்ல அணைக்கணும். இன்னொருத்தருக்கு வைக்கிறதைப் பொறுத்தவரை, கம்பெனிக்காரங்க ஒரே தடவை உபயோகம்னுதான் போடறாங்க, ஆனா சுத்தம் பண்ணி ஏழைகளுக்கு வச்சு நல்லா இருந்ததா மும்பையிலருந்தும், கனடாவுலருந்து அனுப்பி மெக்சிகோ பக்கத்து நாடுகள்ல வச்சும் ஆய்வுகள் வந்திருக்கு. நீங்களா கழுவி யாருக்கும் குடுக்கற விஷயம் இல்ல, ஆஸ்பத்திரியில ஒப்படைச்சிடுங்க.

பேஸ்மேக்கர் கார்டு தொலைஞ்சு போச்சு. அடுத்த மாசம் இடுப்புக்கு எம்ஆர்ஐ எடுக்கணும். (வாசகர், வேலூர்)

வச்ச ஆஸ்பத்திரியில உங்க பழைய நம்பரைச் சொன்னா கம்பெனி, மாடல் எல்லாம் எடுத்துத் தருவாங்க, கம்பெனிகிட்ட சொல்லி புதுக் கார்டும் வாங்கலாம். அதுவும் முடியலன்னா நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுங்க, பெட்டியோட வடிவத்தையும் அதுல இருக்கற குறியையும் வச்சே எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிச்சிடலாம். இப்ப வர்ற நிறைய பேஸ்மேக்கர் எம்ஆர்ஐக்கு ஒத்துவரும், ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி மெஷினை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தி வச்சு, முடிஞ்சதும் திரும்ப பழைய செட்டிங்குக்கு கொண்டுவரணும், இதை ஸ்கேன் சென்டர்ல முன்கூட்டியே பேசி வைங்க, அன்னைக்குப் போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க. கார்டு கிடைச்சதும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து பிள்ளைங்க போன்லயும் போட்டு வைங்க, பெட்டி மாடல் மட்டும் பத்தாது, எம்ஆர்ஐகாரங்க ஒயரோட மாடல் நம்பரையும் கேப்பாங்க.